மைக்ரோகண்ட்ரோலருக்கு எந்த யூஎஸ்பி புரோகிராமர்? ஏவிஆர், பிஐசி, எஸ்டிஎம்32 மூன்றுக்கும் ஒன்றே போதுமா?

செம்புக்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஆர்டுயினோ ஊனோ பலகையை வைத்தே சிறு கருவிகளைச் செய்து வந்தேன். இப்போது வீட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து, கிணற்றடியில் இருக்கும் மோட்டாருக்குக் கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் கருவி ஒன்றைச் சொந்தமாகப் பலகை வரைந்து செய்யத் தொடங்கியிருக்கிறேன். இரு முனைகளிலும் ஏவிஆர் குடும்பத்து ஏடிமெகா328பி சில்லும் என்ஆர்எஃப்24எல்01 ரேடியோவும் இருக்கும். மோட்டார் தண்ணீரின்றி ஓடினால் நிறுத்துவதற்கு அதே குடும்பத்து ஏடிடைனி85 கொண்ட தனிச் சுற்று ஒன்றும் உண்டு. இவை தவிர, கல்லூரிக் காலத்துப் பிஐசி16எஃப்877ஏ சில்லுகள் சில கைவசம் இருக்கின்றன. எஸ்டிஎம்32எஃப்103 கொண்ட 'புளூ பில்' பலகை ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஊனோவில் யூஎஸ்பி கம்பியைச் செருகினால் வேலை முடிந்தது. வெறும் சில்லுக்குள் நிரலை ஏற்ற ஒரு புரோகிராமர் வேண்டும் என்பது புரிகிறது. எதை வாங்குவது என்பதுதான் புரியவில்லை. கடைகளில் யூஎஸ்பிஏஎஸ்பி, சிஎச்341ஏ, பிக்கிட் 3, எஸ்டி-லிங்க் வி2, டிஎல்866 என்று பல பெயர்களைக் காட்டுகிறார்கள்; விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. பொதுவாக ஒன்றை வாங்கினால் போதுமா, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே வாங்கியாக வேண்டுமா? லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

கடிகாரத்துடிப்பு எழுதியது:

நண்பர் செம்புக்கம்பி அவர்களுக்கு, கடையில் காட்டும் பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் சில்லு எந்தக் கால்களின் வழியே, எந்த முறையில் நிரலைப் பெறுகிறது என்பதை முதலில் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

ஏடிமெகா328பி, ஏடிடைனி85 ஆகிய இரண்டும் ஐஎஸ்பி (சில்லு பலகையில் இருக்கும்போதே நிரலேற்றும்) முறையைச் சேர்ந்தவை. எம்ஓஎஸ்ஐ (சில்லுக்குள் செல்லும் தகவல்), எம்ஐஎஸ்ஓ (சில்லிலிருந்து வரும் தகவல்), எஸ்சிகே (கடிகாரத் துடிப்பு), ரீசெட் ஆகிய நான்கு கம்பிகளும், மின்சாரமும் தரையும் சேர்ந்து ஆறு கம்பிகள் போதும். பிஐசி சில்லுகள் ஒரு கம்பியில் தகவலையும் மற்றொன்றில் கடிகாரத் துடிப்பையும் பெறுகின்றன. ஆனால் 16எஃப்877ஏ போன்ற பழைய சில்லுகளை நிரலேற்ற நிலைக்குக் கொண்டுவர, எம்சிஎல்ஆர் என்னும் ரீசெட் காலில் ஏறத்தாழ 13 வோல்ட் கொடுப்பதே வழக்கமான முறை. எஸ்டிஎம்32 முழுக்க வேறு வழி: எஸ்டபிள்யூடி என்னும் இரு கம்பி இணைப்பில், 3.3 வோல்ட் மின்னழுத்தத்தில் அது பேசுகிறது. இந்த மூன்றையும் சரியாகச் செய்யக்கூடிய மலிவான ஒற்றைக் கருவி கிடையாது. மூன்றையும் செய்வதாக விளம்பரப்படுத்தப்படும் ஒன்றைக் கண்டால், எந்தச் சில்லுக்கு எந்த மென்பொருள் தேவைப்படும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட பெயர்களில் சிஎச்341ஏ-வை இப்போதே விலக்கிவிடலாம். அது முதன்மையாக 25 வரிசை ஃபிளாஷ் நினைவகங்களுக்கும் 24 வரிசை ஈஈப்ரம் நினைவகங்களுக்கும் விற்கப்படும் பலகை; கணினி பயாஸ் பழுது பார்ப்பவர்கள் வைத்திருப்பது. பரவலாக விற்கும் கறுப்புப் பலகையில் சில்லுக்கான மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் தகவல் கம்பிகள் 5 வோல்ட்டில் இயங்குகின்றன என்பதால், அந்த வேலைக்கே அதைத் திருத்திப் பயன்படுத்துபவர்கள் பலர். 'புரோகிராமர்' என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மைக்ரோகண்ட்ரோலருக்காக அதை வாங்கிவிடாதீர்கள்.

ஈயப்பற்று எழுதியது:

ஏவிஆர் மட்டும் உடனடித் தேவை என்றால் நீங்கள் இன்றைக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உங்கள் ஊனோவே ஒரு புரோகிராமர். ஆர்டுயினோ மென்பொருளின் எடுத்துக்காட்டுகளில் 'ஆர்டுயினோஐஎஸ்பி' என்னும் நிரல் இருக்கிறது. அதை ஊனோவில் ஏற்றிவிட்டு, 11-ஆம் காலை எம்ஓஎஸ்ஐ, 12-ஐ எம்ஐஎஸ்ஓ, 13-ஐ எஸ்சிகே, 10-ஐச் சில்லின் ரீசெட் என்று இணையுங்கள். ஏடிடைனி85-இல் இவை முறையே 5, 6, 7, 1 ஆகிய கால்கள். 8 மின்சாரம், 4 தரை. பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் தரைக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, நேர்முனை ரீசெட் பக்கம் இருக்குமாறு வையுங்கள். கணினி தொடர்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஊனோ மறுதொடக்கம் செய்துகொள்ளும். இந்தக் கெப்பாசிட்டர் அதைத் தடுக்கிறது. எடுத்துக்காட்டு நிரலை ஊனோவில் ஏற்றும்போது மட்டும் கெப்பாசிட்டர் அங்கே இருக்கக்கூடாது.

பிரெட்போர்டில் ஏடிமெகா328பி-யை வைக்கும்போது 7, 20 ஆகிய இரண்டு மின்சாரக் கால்களையும், 8, 22 ஆகிய இரண்டு தரைக் கால்களையும் இணைத்துவிடுங்கள். 20-ஆம் கால் அனலாகுக்கு மட்டும்தானே என்று விட்டுவிட்டால், சில்லு சில வேளை பதில் சொல்லும், சில வேளை சொல்லாது; புரோகிராமர் கெட்டுவிட்டதோ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இரு மின்சாரக் கால்களின் அருகிலும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும்.

செம்புக்கம்பி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஊனோவை வைத்து ஏடிடைனி85-இல் ஒளிரும் விளக்கு நிரலை ஏற்றிப் பார்த்துவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. இருந்தாலும், நிரலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் கம்பிகளைப் பிடுங்கிச் செருகுவது நீண்ட நாளுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். பலகையில் நிலையான செருகி வைத்து அதில் நேரடியாக மாட்டக்கூடிய ஒன்றை வாங்கவே விருப்பம். யூஎஸ்பிஏஎஸ்பி நல்ல தேர்வா? ஒரே பெயரில் வெவ்வேறு தோற்றத்தில் விற்கிறார்களே, அவற்றுக்குள் வேறுபாடு உண்டா?

கடிகாரத்துடிப்பு எழுதியது:

வேறுபாடு உண்டு, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

யூஎஸ்பிஏஎஸ்பி தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து, சுற்று வரைபடத்தையும் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரலையும்) எல்லாருக்கும் திறந்து வைத்த கருவி. ஏடிமெகா8 குடும்பச் சில்லு ஒன்றும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும்தான் அதன் உள்ளே இருப்பவை. யூஎஸ்பிக்கென்று தனிச் சில்லு கிடையாது. அந்த வேலையையும் ஃபர்ம்வேரே செய்கிறது. திறந்த வடிவமைப்பு என்பதால் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைப்பவை ஏறத்தாழ எல்லாமே இப்படிச் செய்யப்பட்ட பலகைகள்தாம். வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது ஃபர்ம்வேர். ஐஎஸ்பி முறையில் எஸ்சிகே துடிப்பின் வேகம் சில்லின் சொந்தத் துடிப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஏடிடைனி85-உம் ஏடிமெகா328பி-யும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது, உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. அப்படியானால் எஸ்சிகே 250 கிலோஹெர்ட்ஸைத் தொடக்கூடாது. யூஎஸ்பிஏஎஸ்பி தானாகத் தேர்ந்துகொள்ளும் வேகமோ 375 கிலோஹெர்ட்ஸ். புதுச் சில்லு பதில் தரவில்லை என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். ஏவிஆர் சில்லில் நிரலேற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட்டின் கட்டளையில் '-B' தெரிவுக்கு 10 என்று கொடுத்தால் ஒரு துடிப்பின் காலம் 10 மைக்ரோநொடியாகி, வேகம் 100 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையும். சில்லு பேசத் தொடங்கிவிடும். ஆனால் பழைய ஃபர்ம்வேருடன் வரும் பலகைகள் இந்தக் கட்டளையை ஏற்பதில்லை. எஸ்சிகே காலத்தை மாற்ற முடியவில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் என்று ஏவிஆர்டியூட் எச்சரிக்கும். அத்தகைய பலகையில் ஜேபி3 என்று குறிக்கப்பட்ட இரண்டு புள்ளிகளை இணைத்தால் வேகம் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஜம்பர் வைக்கக் குச்சிகள் இருக்காது. இரண்டு துளைகள் மட்டும் இருக்கும், நீங்களே சாலிடர் செய்துகொள்ள வேண்டும்.

2011-ஆம் ஆண்டு மே மாத ஃபர்ம்வேரை ஏற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை நீங்கும். அதற்கு இன்னொரு புரோகிராமர் தேவை. அந்த இன்னொன்று நண்பர் ஈயப்பற்று சொன்ன உங்கள் ஊனோவாகவே இருக்கலாம். தன்னைத் தானே நிரலேற்ற அனுமதிக்கும் ஜேபி2 புள்ளிகளை இணைத்துவிட்டு, யூஎஸ்பிஏஎஸ்பியை இலக்குச் சில்லாகக் கருதி ஏற்றுங்கள்.

இரண்டாவது மின்னழுத்த ஜம்பர். பல பலகைகளில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று மாற்றும் ஜம்பர் இருக்கிறது. அது வெளியே கொடுக்கும் மின்சாரத்தை மட்டுமே மாற்றுகிறது. உள்ளே இருக்கும் ஏடிமெகா8 அப்போதும் 5 வோல்ட்டில் ஓடுவதால் தகவல் கம்பிகளில் 5 வோல்ட்டே வரும். உங்கள் ரேடியோ தாங்கக்கூடிய உச்ச மின்சாரம் 3.6 வோல்ட். ரேடியோவும் ஏடிமெகாவும் ஒரே 3.3 வோல்ட் கம்பியில் இருக்கும் பலகைக்கு இந்தப் புரோகிராமரிலிருந்து 5 வோல்ட்டைக் கொடுத்தால் ரேடியோ போய்விடும். ரேடியோவைச் சாலிடர் செய்யாமல், எட்டுக் குச்சிகளுக்கான செருகியில் பொருத்துங்கள். நிரலேற்றும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு 5 வோல்ட்டில் ஏற்றுவதே பாதுகாப்பானது.

மூன்றாவது செருகி. யூஎஸ்பிஏஎஸ்பியில் இருப்பது பத்துக் குச்சிச் செருகி. பலகைகளில் நாம் வைப்பது ஆறு குச்சி. இரண்டுக்கும் நடுவே மாற்றிப் பலகை ஒன்று சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

டிரைவர் பற்றி ஒரு சொல்: லினக்ஸில் டிரைவர் தேவையில்லை, ஆனால் கருவியைப் பயன்படுத்த அனுமதி தரும் யூடெவ் விதி ஒன்றை எழுதவில்லை என்றால் அனுமதி மறுக்கப்படும். விண்டோஸில் ஸாடிக் என்னும் சிறு மென்பொருளைக் கொண்டு டிரைவரை நிறுவ வேண்டும்.

நிலைமாற்றி எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரியானவை. இருப்பினும், நண்பர் இப்போதுதான் தொடங்குகிறார் என்பதால் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். ஏடிடைனி85 பழைய சில்லு. அதன் இடத்தில் ஏடிடைனி412 அல்லது 1614 போன்ற புதிய வரிசைச் சில்லுகளைப் பயன்படுத்தினால், புரோகிராமர் என்று தனியாக எதுவுமே வேண்டாம். அவை யூபிடிஐ என்னும் ஒற்றைக் கம்பி முறையில் நிரலைப் பெறுகின்றன. கைவசம் இருக்கும் சாதாரண யூஎஸ்பி-சீரியல் மாற்றியின் ஆர்எக்ஸ் (பெறும்) கம்பியை யூபிடிஐ காலுக்குக் கொண்டுபோய், அதற்கும் டிஎக்ஸ் (அனுப்பும்) கம்பிக்கும் நடுவே ஒரு ஷாட்கி டையோடை, கோடு போட்ட முனை டிஎக்ஸ் பக்கம் இருக்குமாறு வைத்தால் போதும். காலுக்குப் போகும் வழியில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்ப்பது நல்லது. ஆர்டுயினோ மென்பொருளில் மெகாடைனிகோர் நிறுவினால் 'சீரியல்யூபிடிஐ' என்னும் தெரிவு வந்துவிடும்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. பழைய ஏவிஆர் சில்லுகளில் கடிகாரத்துக்கான ஃபியூஸை (சில்லின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்களை) தவறாக எழுதிவிட்டால், வெளித் துடிப்பு கொடுக்கும்வரை சில்லு ஐஎஸ்பி-க்குப் பதில் சொல்லாது. யூபிடிஐ-க்கு உள்ளேயே தனித் துடிப்பு இருப்பதால் அந்த விபத்து இங்கே நேராது.

கடிகாரத்துடிப்பு எழுதியது:

நண்பர் நிலைமாற்றி சொல்லும் வசதிகளை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். யூபிடிஐ கால் ரீசெட்டாகவோ சாதாரணக் காலாகவோ மாறும்படி ஃபியூஸை எழுதிவிட்டால், சிறிய டைனி சில்லுகளில் மீண்டும் உள்ளே நுழைய 12 வோல்ட் துடிப்பு வேண்டும். சாதாரண சீரியல் மாற்றியால் அதைக் கொடுக்க முடியாது. அடுத்ததாக, அந்தச் சில்லுகள் பிரெட்போர்டில் குத்தும் வடிவில் வருவதில்லை. பரப்பில் ஒட்டும் வடிவில்தான் வருகின்றன. சாலிடர் கைவராதவருக்கு ஏடிடைனி85-இன் எட்டுக் கால் டிப் வடிவம் பெரிய உதவி. புதிய சில்லுக்கு யூஎஸ்பிஏஎஸ்பி எந்த வகையிலும் பயன்படாது என்பதையும், இரண்டையும் கலந்து வாங்கினால் இரண்டு கருவிகள் தேவைப்படும் என்பதையும் நண்பர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலைமாற்றி எழுதியது:

டிப் வடிவத்துக்குச் சிறு மாற்றிப் பலகைகள் கிடைக்கின்றன. எட்டுக் கால் 412-ஐ அதில் ஒட்டுவது அவ்வளவு கடினமும் இல்லை. ஆனாலும் ஏற்கெனவே வாங்கிவிட்ட சில்லை வீணாக்கச் சொல்லவில்லை. அடுத்த பலகைக்கு நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆய்வகத்தளம் எழுதியது:

வணக்கம். பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இந்தக் கருவிகளோடு அன்றாடம் பழகுபவன் என்ற முறையில் பிஐசி பற்றிச் சொல்கிறேன்.

16எஃப்877ஏ-வுக்கு 13 வோல்ட் தேவை என்பதை முதல் மறுமொழியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே உயர் மின்னழுத்தம் தரும் கருவியே உங்களுக்கு வேண்டும். பிஐசி தயாரிக்கும் மைக்ரோசிப்பின் எம்பிலேப் ஸ்னாப் விலை குறைவு என்று பலர் பரிந்துரைப்பார்கள். அது 2018-இல் வந்தது, புதிய சில்லுகளுக்கு அருமையான கருவி, நிறுத்தி நிறுத்திப் பிழை தேடவும் உதவும். ஆனால் அது உயர் மின்னழுத்தம் தராது. இலக்குப் பலகைக்கு மின்சாரமும் தராது. உங்களிடம் இருக்கும் சில்லுக்கு அதை நம்பி வாங்க வேண்டாம்.

பிக்கிட் 3 என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் நகல்கள். அவை 16எஃப்877ஏ-வை நன்றாகவே நிரலேற்றும். ஆனால் மைக்ரோசிப்பின் எம்பிலேப் எக்ஸ் மென்பொருளின் புதிய பதிப்புகளில் பிக்கிட் 3-க்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது; பழைய பதிப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். அதைவிடப் பழைய பிக்கிட் 2 உங்கள் தேவைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. அதற்குத் தனி மென்பொருள் இருக்கிறது. ஹெக்ஸ் கோப்பை (சில்லுக்கு ஏற்றத் தயாரான நிரலை) திறந்து 'எழுது' என்று அழுத்தினால் முடிந்தது. லினக்ஸில் பிகே2சிஎம்டி என்னும் கட்டளைவரி நிரல் வேலை செய்கிறது. அதே மென்பொருளில் சீரியல் முனையமும், மூன்று தடங்கள் கொண்ட சிறு லாஜிக் அனலைசரும் உண்டு. மாணவர்களுக்கு அலைவடிவத்தைக் காட்ட அது போதும். புதிய சில்லுகளை அதன் பழைய பட்டியல் அறியாது. அதற்காகவே ஆர்வலர்கள் 'பிக்கிட் மைனஸ்' என்ற பெயரில் மென்பொருளை விரிவாக்கியிருக்கிறார்கள்.

பலகை வரையும்போது இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். எம்சிஎல்ஆர் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும். அந்தக் காலை நேரடியாக 5 வோல்ட்டில் கட்டிவிட்டால், புரோகிராமர் கொடுக்கும் 13 வோல்ட் உங்கள் மின்சாரக் கம்பிக்குள் பாயப் பார்க்கும். ஆர்பி6, ஆர்பி7 கால்களே துடிப்புக்கும் தகவலுக்கும் உரியவை. அவற்றில் விளக்கோ பெரிய கெப்பாசிட்டரோ தொங்கினால் சரிபார்ப்பில் பிழை வரும்.

டிஎல்866 பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாற்பது கால் செருகியில் சில்லை வைத்து நெம்புகோலை மடக்கும் பொதுப் புரோகிராமர் அது. இப்போது அதே தயாரிப்பாளரின் டி48 அதன் இடத்தில் விற்கிறது. லினக்ஸில் மினிப்ரோ என்னும் திறந்த மென்பொருள் அதை இயக்கும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு உண்மையான தேவை இருக்கிறது: 8051 பாடத்துக்கு இன்னும் ஏடி89சி51 சில்லுகள் இருக்கின்றன, அவற்றில் ஐஎஸ்பி வசதியே இல்லை, 27 வரிசை ஈப்ரம் நினைவகங்களும் இருக்கின்றன. நீங்கள் பலகையில் பொருத்திய சில்லுக்குத் திரும்பத் திரும்ப நிரல் ஏற்றப் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் சில்லைப் பிடுங்கிச் செருகினால் கால்கள் வளையும். பல ஆயிரம் ரூபாயை அதில் போட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

செம்புக்கம்பி எழுதியது:

மிகவும் பயனுள்ள விளக்கம். ஒரு சந்தேகம்: மைக்ரோசிப் நிறுவனமே ஏவிஆர் தயாரித்த ஆட்மெலை வாங்கிவிட்டது என்று படித்தேன். அப்படியென்றால் அவர்களின் ஒரே கருவி பிஐசி, ஏவிஆர் இரண்டுக்கும் பொருந்தாதா?

ஆய்வகத்தளம் எழுதியது:

பொருந்தும். 2016-இல் ஆட்மெல் மைக்ரோசிப்புக்குள் சேர்ந்த பிறகு, 2018-இல் வந்த பிக்கிட் 4-உம் 2023-இல் வந்த பிக்கிட் 5-உம் இரு குடும்பங்களையும் ஆதரிக்கின்றன. உயர் மின்னழுத்தமும் தருகின்றன. தொழிலுக்காகச் செய்பவர் என்றால் தயங்காமல் அதை வாங்கச் சொல்வேன். ஆனால் அதன் விலையில் யூஎஸ்பிஏஎஸ்பி, பிக்கிட் 2 நகல், எஸ்டி-லிங்க் மூன்றையும் வாங்கிவிட்டுச் சில்லுகளுக்கும் பணம் மிஞ்சும். வீட்டுத் தொட்டிக்கான கருவிக்கு அது தேவையில்லை.

நிலைமாற்றி எழுதியது:

எஸ்டிஎம்32 பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். புளூ பில் பலகைக்கு முதலில் எதுவும் வாங்காமலே நிரலேற்றலாம். சில்லின் உள்ளே அழிக்க முடியாத பூட்லோடர், அதாவது வெளியிலிருந்து நிரலைப் பெற்று ஏற்றிக்கொள்ளும் சிறு நிரல், ஒன்று இருக்கிறது. பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் அழுத்திவிட்டு, பிஏ9, பிஏ10 கால்களில் யூஎஸ்பி-சீரியல் மாற்றியை இணைத்தால் போதும். இஎஸ்பி32, இஎஸ்பி8266 போன்றவற்றிலும் இதே போன்ற ஏற்பாடு இருப்பதால்தான் அவற்றுக்குத் தனிப் புரோகிராமர் வாங்குவதில்லை.

ஆனால் எஸ்டபிள்யூடி கருவி ஒன்று இருந்தால் கிடைக்கும் பெரிய பயன் நிரலேற்றம் அன்று, பிழை தேடுதல். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை விரும்பிய வரியில் நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பார்த்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம். ஊனோவில் சீரியல் வழியாக அச்சிட்டு அச்சிட்டுப் பிழை தேடியவருக்கு இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதை ஒரு முறை செய்து பார்த்தால்தான் தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே, கற்றுக்கொள்ள விரும்பும் எவரையும் எஸ்டபிள்யூடி உள்ள சில்லுகளின் பக்கம் வரச்சொல்கிறேன்.

எஸ்டி-லிங்க் வி2 நகல், விரல் அளவு அலுமினிய உறையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் பத்துக் குச்சிகளின் வரிசை ஒரே மாதிரி இருப்பதில்லை. இணையத்தில் கண்ட படத்தை நம்பாமல், உங்கள் கையில் இருக்கும் உறையின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து இணையுங்கள். ரீசெட் என்று எழுதியிருக்கும் குச்சி பல நகல்களில் எஸ்டிஎம்8 சில்லுக்கு மட்டுமே வேலை செய்கிறது. பிஏ13, பிஏ14 கால்களை நிரல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு இணைப்பு கிடைக்காமல் போனால், பூட்0-வை 1-க்கு மாற்றி ரீசெட் செய்துவிட்டு இணைத்தால் சில்லு மீண்டும் கைக்கு வந்துவிடும்.

புளூ பில் பலகைகளில் சில வேளை எஸ்டிஎம்32-ஐத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் உண்மையான சில்லு இருப்பதில்லை. எஸ்டபிள்யூடி கருவிகளைக் கணினியிலிருந்து இயக்கும் ஓபன்ஓசிடி மென்பொருள், அடையாள எண்ணாக 1பிஏ01477 என்பதை எதிர்பார்த்து 2பிஏ01477 கிடைத்தது என்று சொன்னால் அது வேறு நிறுவனத்தின் ஒப்புருச் சில்லு. ஓபன்ஓசிடி அமைப்பில் அந்த எண்ணை மாற்றிக்கொடுத்தால் வேலை நடக்கும். எஸ்டியின் கியூப்ஐடிஇ மென்பொருளோ இணைப்பை நிறுத்திவிடும். புரோகிராமரைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ராஸ்பெரி பை நிறுவனம் 2023 பிப்ரவரியில் 12 டாலர் விலையில் 'டீபக் புரோப்' என்னும் கருவியை வெளியிட்டது. உள்ளே இருப்பது ஆர்பி2040 சில்லு. சிஎம்சிஸ்-டாப் என்னும் பொது முறையில் இயங்குவதால் எஸ்டிஎம்32 உட்பட எஸ்டபிள்யூடி உள்ள எந்தச் சில்லுடனும் ஓபன்ஓசிடி வழியாகப் பேசும். சீரியல் மாற்றியாகவும் கூடவே வேலை செய்யும். அதே நிறுவனத்தின் சாதாரண பிக்கோ பலகை ஒன்றிலும் அதே ஃபர்ம்வேரை ஏற்றி இந்த வேலையைச் செய்துகொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் சில்லுக்குள் அடைபட்டுப் போகாமல் இருக்க விரும்பினால், எஸ்டி-லிங்க் நகலைவிட இதையே நான் விரும்புவேன்.

ஈயப்பற்று எழுதியது:

நண்பர் ஃபியூஸ்களைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே அந்தத் தேவை வரும். ஏடிடைனி85-இன் தாழ் ஃபியூஸ் தொழிற்சாலையில் 62 என்று (பதினறும எண்ணில்) இருக்கும். அதை இ2 என்று மாற்றினால் எட்டால் வகுப்பது நின்று 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். இந்த ஒரு மாற்றம் மட்டும் உங்களுக்குப் போதும். உயர் ஃபியூஸில் ரீசெட்டைச் செயலிழக்கச் செய்யும் பிட் ஒன்று இருக்கிறது. ஒரு கால் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று அதைத் தொட்டுவிட்டால், யூஎஸ்பிஏஎஸ்பியோ ஊனோவோ அந்தச் சில்லோடு மறுபடி பேச முடியாது. 12 வோல்ட்டை ரீசெட் காலில் கொடுத்து மீட்க வேண்டும். ஊனோவும் ஒரு டிரான்சிஸ்டரும் சில ரெசிஸ்டர்களும் 12 வோல்ட் மின்சாரமும் இருந்தால் அந்த மீட்புச் சுற்றைச் செய்துகொள்ளலாம். அதனால் யூஎஸ்பிஏஎஸ்பி வாங்கிய பிறகும் ஊனோவை வேறு கருவிக்குள் புதைத்துவிடாதீர்கள். அது மேசையில் இருப்பது நல்லது.

மோட்டார் பக்கப் பலகைக்கு ஒரு எச்சரிக்கை. ரிலேயைப் புரோகிராமர் கொடுக்கும் 5 வோல்ட்டிலிருந்து இயக்காதீர்கள். யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்கக்கூடியது 500 மில்லிஆம்பியர்; ரிலே சுருள் அணையும்போது எழும் உதைப்பும் அதே கம்பியில் கணினியை நோக்கி வரும். மோட்டாரின் 230 வோல்ட் இணைப்பு பலகையில் இருக்கும் நிலையில் ஒருபோதும் யூஎஸ்பியைச் செருக வேண்டாம். கம்பியைக் கழற்றி, ரிலேயைக் கழற்றி, பிறகு நிரலேற்றுங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செம்புக்கம்பி எழுதியது:

அனைவரின் விளக்கங்களையும் படித்து முடிவெடுத்துவிட்டேன். ஏவிஆருக்கு யூஎஸ்பிஏஎஸ்பியும் ஆறு குச்சி மாற்றிப் பலகையும் வாங்கினேன். வந்த பலகையில் பழைய ஃபர்ம்வேர்தான் இருந்தது. எஸ்சிகே எச்சரிக்கை வந்தது. ஜேபி2 துளைகளை இணைத்து ஊனோவின் மூலம் 2011 ஃபர்ம்வேரை ஏற்றினேன், எச்சரிக்கை மறைந்துவிட்டது. '-B' தெரிவுக்கு 10 கொடுத்ததும் ஏடிடைனி85 தன் அடையாளத்தை 1இ 93 0பி என்று சொன்னது. புளூ பில்லுக்கு பிக்கோ பலகை ஒன்றை வாங்கி டீபக் புரோப் ஃபர்ம்வேரை ஏற்றப் போகிறேன். பிஐசி சில்லுகளை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். தேவை வந்தால் பிக்கிட் 2.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ரேடியோவைக் கழற்றி வைத்தே நிரலேற்ற வேண்டும் என்று கடிகாரத்துடிப்பு ஐயா சொன்னார். தொட்டியின் மேல் இருக்கும் பலகையை நீர் புகாத பெட்டிக்குள் வைப்பதால் ரேடியோவைச் சாலிடர் செய்துவிட விரும்புகிறேன். அதற்கு வழி இருக்கிறதா?

கடிகாரத்துடிப்பு எழுதியது:

இருக்கிறது, இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ரேடியோவும் புரோகிராமரும் அதே எம்ஓஎஸ்ஐ, எம்ஐஎஸ்ஓ, எஸ்சிகே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நிரலேற்றும்போது ஏடிமெகா ரீசெட் நிலையில் இருப்பதால் அதன் மற்றக் கால்கள் மிதக்கும். ரேடியோவை அழைக்கப் பயன்படும் அதன் சிஎஸ்என் காலும் மிதந்து, ரேடியோ தன்னை அழைத்ததாக எண்ணி எம்ஐஎஸ்ஓ கம்பியில் பேசத் தொடங்கலாம். சிஎஸ்என்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பலகையிலேயே வைத்துவிட்டால் அது வாய் திறக்காது.

அடுத்தது மின்னழுத்தம். பலகையை அதன் சொந்த 3.3 வோல்ட்டில் ஓடவிட்டு, யூஎஸ்பிஏஎஸ்பியின் மின்சாரக் குச்சியை இணைக்காமல் தரையை மட்டும் இணையுங்கள். தகவல் கம்பிகள் 5 வோல்ட்டில் இருப்பதால், புரோகிராமருக்கும் பலகைக்கும் நடுவே 74எல்விசி125 போன்ற இடைநிலைச் சில்லை 3.3 வோல்ட்டில் வைத்து எம்ஓஎஸ்ஐ, எஸ்சிகே, ரீசெட் மூன்றையும் அதன் வழியே அனுப்புங்கள். 5 வோல்ட் உள்ளீட்டை அது தாங்கும். எம்ஐஎஸ்ஓ எதிர்த் திசையில் வருவதால் அதை நேரடியாக இணைக்கலாம், 3.3 வோல்ட்டை யூஎஸ்பிஏஎஸ்பி உயர் நிலையாகவே படித்துக்கொள்ளும். இந்த இடைநிலைச் சில்லை மாற்றிப் பலகையில் வைத்துக்கொண்டால், பெட்டிக்குள் இருக்கும் பலகையில் இடம் பிடிக்காது. 3.3 வோல்ட்டில் ஏடிமெகாவை 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பே போதும், கிரிஸ்டலும் மிச்சம்.

ஆறு குச்சிச் செருகியின் முதல் குச்சிக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு புள்ளியை அச்சிடுங்கள். முதல் குச்சி எம்ஐஎஸ்ஓ, இரண்டாவது மின்சாரம், மூன்றாவது எஸ்சிகே, நான்காவது எம்ஓஎஸ்ஐ, ஐந்தாவது ரீசெட், ஆறாவது தரை. செருகியைத் திருப்பி மாட்டினால் மின்சாரக் குச்சியும் ரீசெட்டும் இடம் மாறிவிடும். சுற்றிலும் சுவர் உள்ள, ஒரு பக்கம் வெட்டுள்ள செருகியை வைத்தால் திருப்பி மாட்டவே முடியாது.